அசனத்தில் பார்சல் எதற்கு?



இது நீளமான பதிவு. டீச்சர் இன்னும் பாடம் நடத்துவதை விடவில்லை என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே வாசியுங்கள், ஆனால் முழுவதும் வாசியுங்கள். பாதியில் கோபம் வந்தாலும் கடைசி வரை வந்துவிட்டுத் திட்டுங்கள்.

மே மாதம் நம் ஊர் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நடந்தது. மூன்றாம் நாள் அசனம். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு அசனம் என்றாலே நாக்கில் எச்சில் ஊறும். முந்தின நாள் ராத்திரி பந்தலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது, விடியற்காலம் வார்ப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிப்பது, ஐயரவர்கள் ஜெபித்து ஆரம்பித்து வைப்பது, ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. பணக்காரன் ஏழை என்று இல்லாமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரும் நாள் என்று என் மாமியார் பெருமையாகச் சொல்வார்கள். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் கமிட்டி ஒரு புது ஏற்பாடு செய்தது. கூட்டம் அதிகம், பந்தலில் இடம் போதாது, அதனால் கிழக்குத் தெருவில் இருக்கிற 22 குடும்பங்களுக்கும் சாப்பாட்டைப் பார்சல் கட்டி வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று. ஆலயத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை. கமிட்டிக்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

அசனத்தன்று நான் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலை போட்டு உப்பு வைத்தாகிவிட்டது. அப்போது கிழக்குத் தெருவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார்கள். பஞ்சாயத்தில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கோயிலுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். வாசலில் நின்ற பையன் (வயது 25 இருக்கும், என்னிடம் படித்தவன்) சொன்னான்: "நீ வீட்டுக்குப் போ. உனக்குப் பார்சல் வரும்."

அவன் பேரன் வயது. "நீ" என்றான்.

அந்த அம்மாள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் சோத்துக்கு வரலய்யா. அசனத்துக்கு வந்தேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நான் சாப்பிட்டேன். எழுந்து போய் அவர்கள் கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். யாரும் என்னைத் தடுத்திருக்க மாட்டார்கள். முப்பத்து நான்கு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் கால் எழும்பவில்லை. பரிமாறுகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று தோன்றியது. கறி நன்றாக இருந்தது என்றுகூடச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதனால் இந்தப் பதிவில் யாரைத் திட்டினாலும் முதல் அடி எனக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதமாக இதைப் பேசிப் பார்த்துவிட்டேன். ஐயரவர்களிடம் பேசினேன், கமிட்டிச் செயலரிடம் பேசினேன், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். வந்த பதில்களுக்குத்தான் இங்கே ஒவ்வொன்றாக மறுமொழி சொல்லப்போகிறேன். யார் எதைச் சொன்னார்கள் என்று பெயர் போடவில்லை. சொன்னவர்களுக்குத் தெரியும்.

முதல் பதில்: "சாப்பாடு கொடுத்தோமே அத்தை, அதுவும் வீடு தேடிக் கொடுத்தோமே, இதில் என்ன குறை?"

கொரிந்து சபையிலும் இதேதான் நடந்தது. பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபம் 11ஆம் அதிகாரத்தை எடுத்து இன்று ராத்திரி வாசியுங்கள். நாம் அந்த அதிகாரத்தைத் திருவிருந்து ஆராதனையில் கேட்டுக் கேட்டு, அது என்ன சண்டையில் எழுதப்பட்டது என்பதையே மறந்துவிட்டோம். கர்த்தருடைய பந்திக்கு என்று கூடி வந்த இடத்தில் வசதி உள்ளவர்கள் தனியாக, முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பசியை மட்டும் பவுல் பார்க்கவில்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே, தேவனுடைய சபையை அசட்டை பண்ணுகிறீர்களே என்றுதான் கேட்கிறார். இப்படிச் சேர்ந்து நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய விருந்தே கிடையாது என்கிற அளவுக்குப் போகிறார். நம் பார்சலில் கறித்துண்டு குறையவில்லை, ஒத்துக்கொள்கிறேன். வெட்கப்படுத்தினோமா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். இயேசுவின் மேல் பரிசேயர் வைத்த குற்றச்சாட்டு என்ன? ஆயக்காரரோடும் பாவிகளோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது. அவர் அவர்கள் வீட்டுக்குப் பார்சல் அனுப்பியிருந்தால் ஒரு பரிசேயனும் முறுமுறுத்திருக்க மாட்டான். நல்ல தர்மவான் என்று பாராட்டியிருப்பான். கொடுப்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை. கூட உட்காருவதில்தான் சங்கடம்.

இரண்டாவது பதில்: "அவங்களே ஒண்ணும் கேக்கல. நீங்கதான் பெருசு பண்ணுறீங்க."

கேட்டார்கள். வாசலில் நின்று கேட்டார்கள். நமக்குக் காது இல்லை.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் என்ன இருக்கிறது? ஆதித் திருச்சபையின் முதல் பெரிய முறுமுறுப்பே சாப்பாட்டுப் பந்தி சம்பந்தமானதுதான். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் கவனிக்கப்படவில்லை என்று புகார் எழுந்தது. அப்போஸ்தலர்கள் "நீங்கள் இனப்பிரச்சினையைக் கிளப்புகிறீர்கள்" என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டினார்கள். ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். அந்த ஏழு பெயர்களையும் வாசித்துப் பாருங்கள், ஸ்தேவான், பிலிப்பு என்று ஆரம்பித்து எல்லாமே கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தி விசாரிப்பைக் கொடுத்ததாகத்தான் வேத பண்டிதர்கள் பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். நம் கமிட்டியில் 11 பேர் இருக்கிறார்கள். கிழக்குத் தெருவிலிருந்து எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. இதற்கு முன்னால் இருந்திருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. பிறகு அவர்கள் எங்கே போய்க் கேட்பார்கள்?

அசனம் முடிந்த ஒரு வாரத்தில் அந்த அம்மாளின் பேரன் எனக்குப் போன் செய்தான். அவனும் என் மாணவன்தான், இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். "டீச்சர், ஆச்சி ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நீங்க ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வரமுடியுமா?" என்று மட்டும் கேட்டான்.

போனேன். இந்த ஊருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிழக்குத் தெருவில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. வாக்காளர் பட்டியல் எடுக்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் தெரு முழுக்க நடந்திருக்கிறேன். வாசலில் நின்று பேசியிருக்கிறேன். உள்ளே போனதில்லை. இரண்டு மணி நேரம் இருந்தேன். கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். முதலில் "ஒண்ணும் இல்ல டீச்சர், விடுங்க" என்றார்கள். நான் பேசாமல் இருந்தேன். அப்புறம் மெதுவாக வந்தது.

மாசாமாசம் சங்கக் காணிக்கை வாங்க ஆள் வருகிறார், வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போகிறார், ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை என்றார் ஒரு அம்மாள். ஆலயத்தில் வேதபாடம் வாசிக்க இந்தத் தெருவிலிருந்து யாரையும் கூப்பிட்டதில்லை என்றார் இன்னொருவர். இத்தனைக்கும் அவர் மகள் எம்.ஏ. தமிழ். கல்லறைத் தோட்டத்தில் தங்களுக்கு விட்டிருக்கும் மூலையில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்றார்கள். பண்டிகைக்கு வரி நம் எல்லாருக்கும் போட்ட அதே தொகைதான் அவர்களுக்கும்.

ஒரு இளம்பெண் சொன்னது என்னை நேராகக் குத்தியது. "கிறிஸ்மஸ் நாடகத்துல எங்க தெருப் பிள்ளைங்க எப்பவும் மேய்ப்பன்தான் டீச்சர். நான் ஒரு தடவையாவது மரியாளா வரணும்னு ஆசைப்பட்டேன். கேக்கப் பயமா இருந்துச்சு."

அந்த நாடகத்தை இருபது வருஷமாக நடத்தியது யார் தெரியுமா? நான்தான். ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பாளர். யாரை மரியாளாகப் போடுவது என்று முடிவு செய்தது நான். மனதறிந்து ஒதுக்கினேன் என்று சொல்ல மாட்டேன். "நிறமா இருக்கிற பிள்ளையாப் பாருங்க, நல்ல சேலை உள்ள பிள்ளையாப் பாருங்க" என்று மற்ற ஆசிரியைகளிடம் சொல்லியிருக்கிறேன். அதன் அர்த்தம் என்ன என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது. பள்ளிக்கூடத்திலும், வகுப்பைப் பெருக்கக் கூப்பிட வேண்டும் என்றால் என் வாயில் தானாக வந்த பெயர்கள் எந்தத் தெருப் பெயர்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். டீச்சர் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

மூன்றாவது பதில்: "குடிச்சிட்டு வருவாங்க, சுத்தம் இருக்காது, பந்தியில் சண்டை வரும்."

பந்தலுக்குப் பின்னால் இருக்கிற புளியமரத்தடியில் அசனத்தன்று மத்தியானம் யார் யார் நின்றார்கள் என்று நான் சொல்லட்டுமா? எல்லாரும் நம் தெரு ஆட்கள். நம் சொந்தக்காரர்கள். ஒருவருக்கும் பார்சல் கட்டவில்லை, ஒருவரையும் வாசலில் நிறுத்தவில்லை. சுத்தம் என்று வாய் கூசாமல் சொல்கிறீர்களே, இந்த ஊரை இத்தனை வருஷம் சுத்தமாக வைத்திருந்தது யார்? நம் சாக்கடையை அள்ளின கை நம் பந்திக்கு ஆகாது என்றால் அது யாருடைய அசுத்தம்?

நான்காவது பதில்: "இந்தக் காலத்துல சாதி எங்கே இருக்கு பெரியம்மா? கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒண்ணு."

இதைச் சொன்னவர் போன வருஷம் மகனுக்குப் பெண் பார்க்க விளம்பரம் கொடுத்தார். "சி.எஸ்.ஐ., நாடார்" என்றுதான் கொடுத்தார். அது போகட்டும்.

இன்னும் சில வாரத்தில் ஆகஸ்ட் 10 வரும். வருஷா வருஷம் அன்று திருச்சபைகள் கறுப்பு நாள் அனுசரிக்கின்றன. ஏன் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிதான் பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைச் சேராதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் இஸ்லாமியரையும் இன்று வரை சேர்க்கவில்லை. தலித் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற அன்றே அந்தச் சலுகை போய்விடும். நம் மாநிலத்தில் அவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

1985இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சூசை என்கிற செருப்புத் தைக்கும் தொழிலாளி, மற்ற தொழிலாளர்களுக்குக் கொடுத்த அரசாங்கப் பெட்டிக்கடை கிறிஸ்தவன் என்பதால் தனக்குக் கிடைக்கவில்லை என்று போட்ட வழக்கு. மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அன்றிலிருந்து நம் சபைத் தலைவர்கள் டெல்லியில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? "ஐயா, கிறிஸ்தவத்துக்குள்ளும் சாதிக் கொடுமை இருக்கிறது, எங்கள் தலித் சகோதரர்களுக்கு உரிமை கொடுங்கள்" என்று. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் அந்த மூன்றாம் பத்தியை எடுத்துவிடப் பரிந்துரைத்தது. 2022இல் இதே கேள்விக்காக நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையமும் அமைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். டெல்லியில் போய் "எங்களுக்குள் சாதி இருக்கிறது" என்று மனுக் கொடுக்கிறோம். ஊரில் வந்து "சாதி எங்கே இருக்கிறது" என்று கேட்கிறோம். ஆகஸ்ட் 10 அன்று நம் ஆலயத்திலும் கறுப்புப் பட்டை குத்திக்கொள்வோம். மே மாதம் பார்சல் கட்டின அதே கை கறுப்புப் பட்டையையும் குத்தும். இந்த வருஷம் நான் குத்திக்கொள்ளப் போவதில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

நம் சபை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துக் கட்டின சுவர் ஊர் அறிந்த விஷயம். விழுப்புரம் பக்கம் இறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டு எழுந்த கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு பேர் செத்தார்கள். கூட உட்கார வைக்க மறுத்தால், தனியாகப் போகிறோம் என்று கேட்பார்கள். தனியாகப் போகிறோம் என்றால் அதற்கும் அடிப்போம்.

இப்போது நம் சொந்தங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நாம் யார் என்று மறந்துவிட்டீர்கள்.

என் அம்மா நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவர்களுடைய ஆச்சியின் அம்மா காலத்தில் திருவிதாங்கூரில் நம் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போட்டால் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1822இல் ஆரம்பித்த சண்டை அது. 1859இல் மகாராஜா உத்தரவு போட்ட பிறகுதான் மேலாடை உரிமை கிடைத்தது. அதுவும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நம் சாதியார் நுழைந்ததற்கு வழக்குப் போட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நமக்கு எதிராகத் தீர்ப்பானது. கிட்டே வராதே, இத்தனை அடி தள்ளி நில் என்று நம்மைச் சொன்னார்கள். அதைச் சொன்னவர்களை இன்றைக்கும் திட்டுகிறோம். அதே வார்த்தையை நாம் வேறு ஒருவரிடம் சொல்லும்போது மட்டும் "இட வசதி இல்லை" என்று பெயர் வைக்கிறோம்.

இன்னொரு வரலாறு. அம்மா சின்ன வயதில் எனக்குச் சொன்னது, பிறகு புத்தகங்களிலும் வாசித்தேன். தென் திருவிதாங்கூருக்குச் சீர்திருத்தச் சபையின் சுவிசேஷம் எப்படி வந்தது? ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மன் மிஷனெரி வந்தார் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். அவரைக் கூப்பிட்டது யார்? மைலாடியைச் சேர்ந்த மகாராசன். சிதம்பரத்துக்கு யாத்திரை போன இடத்தில், தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனவர். அவர் சாம்பவர் குலத்தவர். நீங்கள் இன்று கிழக்குத் தெரு என்று சொல்கிறீர்களே, அந்தத் தெரு மக்களில் ஒருவர். தரங்கம்பாடியில் இருந்த ரிங்கல்தௌபேயைத் தங்கள் ஊருக்கு வரச் சொல்லிக் கேட்டது அவர்தான். 1806இல் ரிங்கல்தௌபே மைலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழும்பியது. 1816இல் அவர் ஊரைவிட்டுப் போகும்போது ஊழியப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனது வேதமாணிக்கத்திடம்தான்.

என் அம்மா வழி முன்னோர்கள் வேதத்தைக் கேட்டது அந்த ஊழியத்தால். அங்கே ஒரு சாம்பவர் அழைத்ததால்தான் நாம் உள்ளே வந்தோம். விருந்துக்கு நம்மைக் கூப்பிட்டவருடைய பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் பார்சல் கொடுக்கிறோம். இதைவிட நன்றி கெட்ட காரியம் உண்டா?

கடைசிப் பதில்: "குடும்ப விஷயத்தை, சபை விஷயத்தை முகநூலில் போடலாமா? மற்ற மதத்துக்காரன் சிரிக்க மாட்டானா?"

சிரிக்கட்டும். இரண்டு மாதம் வீட்டுக்குள் பேசினேன். "பார்க்கலாம் டீச்சர்" என்றார்கள். குடும்பக் குழுவில் எழுதினேன், அடுத்த நிமிஷம் யாரோ பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் போட்டு என் செய்தியை மேலே தள்ளிவிட்டார்கள். எரிகோ வழியில் பர்திமேயு என்கிற குருடன் கூப்பிட்டபோது, பேசாமல் இரு என்று அதட்டியது யார்? இயேசுவுக்குப் பின்னால் போன கூட்டம். அவரை விசுவாசித்து, அவர் பின்னால் நடந்த ஜனங்கள்தான் அவன் வாயை அடைக்கப் பார்த்தார்கள். இயேசு நின்றார். அவனைக் கூப்பிடச் சொன்னார். வந்தவனிடம் உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். அவன் வாயால் சொல்லக் காத்திருந்தார்.

நாம் அதைத்தான் செய்வதில்லை. கிறிஸ்மஸுக்குச் சேலை கொடுக்கிறோம், வெள்ளம் வந்தால் அரிசி கொடுக்கிறோம், பள்ளி திறந்தால் நோட்டு கொடுக்கிறோம். நல்ல காரியம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர்களுக்கு என்ன நல்லது என்று நாமே கமிட்டி போட்டு முடிவு செய்துவிட்டு, கொடுப்பதைப் போட்டோவும் எடுத்துப் போடுகிறோம். வாங்குகிறவர்கள் பேச ஆரம்பித்தால் மட்டும் நமக்கு நன்றி கெட்டவர்களாகத் தெரிகிறார்கள்.

சரி டீச்சர், என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்? சொல்கிறேன்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. 11 பேரில் நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள். பிள்ளைகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். ஒன்று, அந்த அம்மாளிடம் கமிட்டி வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாசலில் நின்று அல்ல, உள்ளே போய் உட்கார்ந்து, கொடுத்தால் காப்பியும் குடித்துவிட்டு. இரண்டு, அடுத்த அசனத்தில் பார்சல் கிடையாது. இடம் போதாது என்றால் எல்லாத் தெருவும் கலந்து நான்கு பந்தி வையுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம். மூன்று, பந்தி விசாரிப்பிலும் கமிட்டியிலும் கிழக்குத் தெருவின் ஆட்கள் இருக்க வேண்டும். யார் என்று அவர்களே சொல்லட்டும். நான்கு, கல்லறையில் மூலை ஒதுக்குவதை நிறுத்துங்கள். செத்த வரிசைப்படி புதைக்கலாம். என்னை அந்தத் தண்ணீர் நிற்கிற மூலையில் புதைத்தாலும் சம்மதம். இதை எழுதியே வைத்துவிட்டேன், என் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இது நடக்காவிட்டால் அடுத்த வருஷம் பண்டிகை வரி கொடுப்பேன், அசனத்துக்கு வரமாட்டேன். கிழக்குத் தெருவில் யாராவது கூப்பிட்டால் அங்கே போய் அவர்கள் பார்சலில் பங்கு கேட்டுச் சாப்பிடுவேன். கூப்பிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கு இல்லை.

வாசலில் நின்ற அந்தப் பையனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, நீ கெட்டவன் இல்லை. உன்னை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். பெரியவர்களை "வாங்க, போங்க" என்று சொல்ல உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பெரியவர்களை என்று நான் விளக்கமாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீயாகப் புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். நம் தெருவைப் பார்த்து நீ வேறு மாதிரி புரிந்துகொண்டாய். அந்தப் பாடத்தை இன்று முடிக்கிறேன்: எல்லாப் பெரியவர்களையும். நாளை சாயங்காலம் வா, நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆச்சி வீட்டுக்குப் போய்வரலாம்.

வரும் டிசம்பரில் நாடகம் உண்டு. மரியாள் யார் என்று இந்தத் தடவை நான் முடிவு செய்யப்போவதில்லை. எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம்.

கோபப்படுகிறவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், அழிக்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுவதற்கு முன்னால் கிழக்குத் தெருவில் ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பேசாமல் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் அங்கே உங்கள் கூடப் படித்தவர்கள் யாருக்காவது போன் போடுங்கள். நம்பர் இல்லையா? நாற்பது வருஷமாக ஒரே ஆலயத்தில் ஆராதிக்கிறவர்களின் நம்பர் ஏன் நம்மிடம் இல்லை என்று அதையும் யோசியுங்கள்.

கர்த்தர் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் டீச்சர்